1997 ஆசிய நிதி நெருக்கடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997 ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டை டாலரோடு பிணைத்து வைத்திருந்ததைக் கைவிட்டது. அடுத்த ஆறு மாதங்களில் பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா, தென் கொரியா என்று வரிசையாக அடி வாங்கின. 1998-இல் அதிர்ச்சி ரஷ்யா வரைக்கும், 1999 ஜனவரியில் பிரேசில் வரைக்கும் போனது. பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், "அந்நியச் செலாவணிக் கையிருப்பு குறைந்தது" என்ற செய்தியைப் பார்த்து யோசிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தொகைகள் கோடி டாலரில் உள்ளன. 100 கோடி டாலர் என்றால் ஒரு பில்லியன்.

சுருக்கமாகச் சொன்னால், நடந்தது என்ன?

நிறுவனங்களும் வங்கிகளும் வெளிநாட்டிலிருந்து டாலரில் கடன் வாங்கின. பெரும்பாலும் ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டிய கடன். அந்தப் பணத்தை உள்ளூர் நாணயத்தில் மட்டுமே வருமானம் தரக்கூடிய, பலன் தர ஐந்து பத்து வருடம் பிடிக்கும் கட்டடங்களிலும் தொழிற்சாலைகளிலும் போட்டன. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "இனி புதுப்பிக்க மாட்டோம், பணத்தைக் கொடு" என்றபோது கொடுக்க டாலர் இல்லை.

தென் கொரியா, இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுக்கும் 1996-இல் சுமார் 9,300 கோடி டாலர் தனியார் பணம் நிகரமாக உள்ளே வந்தது. 1997-இல் சுமார் 1,200 கோடி வெளியே போனது. ஒரே வருடத்தில் 10,500 கோடி டாலர் திசை மாறியது. அந்த ஐந்து நாடுகளின் மொத்த உற்பத்தியில் இது பத்தில் ஒரு பங்கு. ஊழல், சூதாட்டம், அரசியல் என்று மற்ற எல்லாக் காரணங்களையும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

ஏன் தாய்லாந்தில் தொடங்கியது?

பல வருடங்களாக ஒரு டாலருக்கு சுமார் 25 பாட் என்ற விலை அசையாமல் இருந்தது. 1993-இல் பாங்காக்கை ஒரு நிதி மையமாக்கும் திட்டத்தில், வெளிநாட்டு டாலரை எளிதாக உள்ளே கொண்டுவரத் தனி வங்கி வசதியை அரசு திறந்துவிட்டது. வெளியிலிருந்து வாங்கி வெளியே கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு என்றார்கள். நடைமுறையில் பெரும்பகுதி உள்நாட்டுக்கே வந்தது.

பாட்டில் கடன் வாங்கினால் தோராயமாக 13 சதவீத வட்டி. டாலரில் வாங்கினால் 7 சதவீதம். ஒரு கட்டுமான நிறுவனம் 1 கோடி டாலர் வாங்குகிறது என்று வையுங்கள். 25 பாட் விலையில் அது 25 கோடி பாட். டாலர் கடனுக்கு வருட வட்டி 1.75 கோடி பாட். அதே தொகை பாட் கடனாக இருந்தால் 3.25 கோடி. வருடத்துக்கு ஒன்றரைக் கோடி பாட் மிச்சம். டாலர் விலை ஏறினால் என்ன செய்வது என்பதற்கு, பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் முன்பேர ஒப்பந்தம் போட்டுப் பாதுகாப்பு எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பின் விலை ஏறக்குறைய இந்த வட்டி வித்தியாசத்துக்குச் சமம். மிச்சம் முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால்தான் பலர் எடுக்கவில்லை. மத்திய வங்கியே விலையைக் காக்கும்போது எதற்கு வீண் செலவு என்ற கணக்கு.

1996-இல் இந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. முந்தைய ஆண்டு 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த ஏற்றுமதி அந்த ஆண்டு வளரவே இல்லை. 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென் என்றிருந்த ஜப்பானிய நாணயம் இரண்டே வருடத்தில் 120-ஐத் தாண்டிச் சரிந்தது. டாலரோடு பிணைந்திருந்த பாட்டும் யென்னுக்கு எதிராக விலை உயர்ந்தது. மலிவு உற்பத்தியில் சீனா போட்டிக்கு வந்தது. ஏற்றுமதி போன்ற வழிகளில் வரும் வெளிநாட்டு வரவைவிடச் செலவு மிஞ்சும் தொகையான நடப்புக் கணக்குப் பற்றாக்குறை, உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தைத் தொட்டது. பாங்காக்கில் கட்டி முடித்த அலுவலகங்களுக்கு ஆள் வரவில்லை. 1997 பிப்ரவரியில் சொம்ப்ராசோங் லேண்ட் என்ற ரியல் எஸ்டேட் நிறுவனம் வெளிநாட்டுக் கடன் தவணையைக் கட்டத் தவறியது. நாட்டின் மிகப் பெரிய ஃபைனான்ஸ் கம்பெனியான ஃபைனான்ஸ் ஒன்னை ஒரு வங்கியோடு இணைத்துக் காப்பாற்றும் முயற்சி மே மாதம் முறிந்தது.

கணக்கில் 3,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருந்தும் தாய்லாந்து ஏன் தோற்றது?

இந்த நெருக்கடியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பாட் விழும் என்று பந்தயம் கட்டுகிறவர் செய்வது இது. மூன்று மாதம் கழித்து 25 கோடி பாட் கொடுத்து 1 கோடி டாலர் வாங்கிக்கொள்வதாக ஒரு வங்கியோடு முன்பேர ஒப்பந்தம் போடுகிறார். பிணைப்பு நிலைத்தால் அவருக்கு நஷ்டம் மூன்று மாத வட்டி வித்தியாசம் மட்டுமே. இரண்டு லட்சம் டாலருக்குள் அடங்கும். டாலர் 30 பாட் ஆகிவிட்டால், 25 கோடி பாட்டைச் சந்தையில் சுமார் 83 லட்சம் டாலருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு 1 கோடி டாலரை எடுத்துக்கொள்வார். லாபம் 17 லட்சத்துக்குக் கிட்டே. வரக்கூடிய நஷ்டம் சிறியது, லாபமோ அதைப் போலப் பல மடங்கு. இப்படிப்பட்ட பந்தயத்துக்கு ஆள் சேராமல் இருக்காது.

ஒப்பந்தம் போட்ட வங்கி தன் ஆபத்தைக் குறைக்க உடனே பாட் கடன் வாங்கி, அதை விற்று டாலர் எடுக்கும். அந்த டாலரை விற்பது தாய்லாந்து மத்திய வங்கி. இங்கே ஒரு சிக்கல். டாலரை விற்றால் பாட் மத்திய வங்கிக்குள் போய்விடும்; சந்தையில் பாட் தட்டுப்பாடு வந்து வட்டி எகிறும்; ஏற்கெனவே தள்ளாடும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் விழுந்துவிடும். அதைத் தவிர்க்க மத்திய வங்கி ஸ்வாப் போட்டது. இன்று டாலரை வாங்கிக்கொண்டு பாட் தருவது, சில மாதம் கழித்து அதே டாலரைத் திருப்பித் தருவதாக உறுதியளிப்பது. இன்று வாங்கிய டாலர் கையிருப்புக் கணக்கில் ஏறிவிடும். திருப்பித் தர வேண்டிய பொறுப்பு அந்தக் கணக்கில் தெரியாது. வெளியே பார்ப்பவருக்குக் கையிருப்பு கரையவே இல்லை என்று தோன்றும்.

மே மாதம் நடுவில் மிகப் பெரிய தாக்குதல் வந்தது. மத்திய வங்கி விடாமல் விற்றது. வெளிநாட்டவருக்கு பாட் கடன் கொடுக்கக் கூடாது என்று உள்நாட்டு வங்கிகளுக்குத் தடை போட்டது. தடையால், பெரும் பணக்காரர்களின் பணத்தை வைத்துப் பந்தயம் கட்டும் சில ஹெட்ஜ் ஃபண்டுகள் கையைச் சுட்டுக்கொண்டது உண்மை. ஆனால் அதற்குள் கஜானா காலி. ஜூன் மாத இறுதியில் பொறுப்புகளைக் கழித்துப் பார்த்தால் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு சுமார் 280 கோடி டாலர்தான். நிதியமைச்சர் அம்னுவாய் ஜூன் 19 அன்று பதவி விலகினார். அடுத்து வந்த தனோங் பிதயா பார்த்தது இந்த எண்ணை. பிரதமர் சாவலித் ஜூன் 30 அன்றும் நாணய மதிப்பைக் குறைக்க மாட்டோம் என்றார். இரண்டே நாளில் பாட் மிதக்கவிடப்பட்டது, அதாவது அதன் விலை சந்தையிடம் விடப்பட்டது. ஆகஸ்ட் மாதம் ஐஎம்எஃப் எனப்படும் சர்வதேச நாணய நிதியத்தின் வற்புறுத்தலில் முன்பேரப் பொறுப்பு 2,340 கோடி டாலர் என்று வெளியிட்டபோதுதான் உலகத்துக்கு விவரம் தெரிந்தது.

நாணயம் விழுந்தால் ஏற்றுமதி பெருகுமே, அது நல்லதுதானே?

டாலர் கடன் இல்லாத நாட்டுக்கு அது பெருமளவு சரி. மேலே சொன்ன கட்டுமான நிறுவனத்தைத் திரும்பப் பாருங்கள். டாலர் 50 பாட் ஆனதும் 25 கோடி பாட் கடன் 50 கோடியாகிவிட்டது. வருடம் ஒன்றரைக் கோடி மிச்சம் பிடித்தவர்கள் ஒரே அடியில் 25 கோடி இழந்தார்கள். கட்டடத்தின் மதிப்பு 30 கோடி என்றால் நிறுவனம் அன்றே திவால். அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்கும் அது வாராக்கடன். 1998 ஜனவரியில் பாட் 56 வரை போனது.

ஏற்றுமதியாளரும் தப்பவில்லை. மூலப்பொருளை டாலரில் இறக்குமதி செய்ய வேண்டும்; அதற்கு உள்ளூர் வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம் வேண்டும். அந்த வங்கியின் கடிதத்தை வெளிநாட்டு வங்கி ஏற்க மறுத்தால், கையில் ஆர்டர் இருந்தும் சரக்கு எடுக்க முடியாது. இந்தோனேசியாவில் இது பெரும் தொல்லையாக இருந்தது.

தாய்லாந்தில் ஜூன் மாதம் 16, ஆகஸ்டில் 42 என்று 58 ஃபைனான்ஸ் கம்பெனிகளின் செயல்பாட்டை நிறுத்தினார்கள். டிசம்பர் 8 அன்று அவற்றில் 56 நிரந்தரமாக மூடப்பட்டன. பாங்காக்கில் சாத்தோர்ன் பகுதியில் பாதியில் நின்றுபோன நாற்பது மாடிக்கும் மேற்பட்ட கட்டடம் ஒன்று நெருக்கடியின் நினைவுச் சின்னமாகவே சுற்றுலாப் பயணிகளிடம் பெயர் பெற்றுவிட்டது.

மற்ற நாடுகளுக்கு எப்படிப் பரவியது?

ஜூலை 11 அன்று பிலிப்பைன்ஸ் பெசோவை விட்டது. ஜூலை 14 அன்று மலேசியா ரிங்கிட்டைக் காப்பதை நிறுத்தியது. ஆகஸ்ட் 14 அன்று இந்தோனேசியா ருபியாவை மிதக்கவிட்டது. வியாபாரத் தொடர்பு ஓரளவு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எல்லோருக்கும் கடன் கொடுத்தவர்கள் ஒரே ஜப்பானிய, ஐரோப்பிய வங்கிகள். பாங்காக்கில் அடி வாங்கிய வங்கி, ஜகார்த்தாவிலும் சியோலிலும் தவணை வந்த கடனைப் புதுப்பிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டது.

எந்த நாடு எவ்வளவு ஆபத்தில் இருந்தது என்பதை ஒரே விகிதம் காட்டிவிடும். 1997 ஜூன் நிலவரப்படி, வெளிநாட்டு வங்கிகளுக்குத் தர வேண்டிய குறுகிய காலக் கடனைக் கையிருப்பால் வகுத்தால்:

தென் கொரியா – 2.1
இந்தோனேசியா – 1.7
தாய்லாந்து – 1.5
பிலிப்பைன்ஸ் – 0.8
மலேசியா – 0.6

ஐஎம்எஃப்பிடம் அவசரக் கடனுக்கு ஓட வேண்டி வந்த மூன்று நாடுகளும் 1-க்கு மேலே இருந்தவை. மலேசியா தனி வழி போக முடிந்ததற்குப் பாதி விளக்கம் இந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது.

தென் கொரியா பணக்கார நாடாயிற்றே, அது எப்படிச் சிக்கியது?

கொரியா 1996-இல்தான் ஓ.இ.சி.டி. என்ற வளர்ந்த நாடுகளின் அமைப்பில் சேர்ந்திருந்தது. அதன் பிரச்சினை ரியல் எஸ்டேட் இல்லை. செபோல் எனப்படும் பெருங்குழுமங்கள். முதல் 30 குழுமங்களின் கடன், 1997 முடிவில் சொந்த மூலதனத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 1997 ஜனவரியில் ஹான்போ ஸ்டீல் விழுந்தது. ஜூலையில் கியா கார் நிறுவனம் தத்தளித்தது. நீண்ட கால வெளிநாட்டுக் கடனுக்குக் கெடுபிடி வைத்துவிட்டுக் குறுகிய காலக் கடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது அரசின் பெரிய தவறு. 1994-லும் 1996-லும் 24 சிறு நிதி நிறுவனங்களுக்கு மெர்ச்சன்ட் பேங்க் அந்தஸ்து கொடுத்தார்கள். அவை குறுகிய கால டாலரை வாங்கி நீண்ட காலத்துக்குக் கொடுத்தன.

கையிருப்புக் கதை இங்கேயும் அதேதான். நவம்பர் முடிவில் அறிவித்த தொகை சுமார் 2,440 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கொரிய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் போட்டு வைத்தது. எடுத்தால் அந்தக் கிளைகள் விழுந்துவிடும். பயன்படுத்தக்கூடியது 730 கோடிதான். டிசம்பர் தொடக்கத்தில் ஐஎம்எஃப், உலக வங்கி, பல நாடுகள் சேர்ந்து சுமார் 5,800 கோடி டாலர் தொகுப்பு அறிவித்தும் பணம் வெளியேறுவது நிற்கவில்லை. முன்பு 900-க்குள் இருந்த டாலர் விலை டிசம்பர் 23 வாக்கில் 1,960 வோனை நெருங்கியது.

நின்றது எப்போது? அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானிய வங்கிகளை உட்கார வைத்து "தவணையைப் புதுப்பியுங்கள்" என்று அவற்றின் அரசுகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் நெருக்கியபோது. ஜனவரி இறுதியில் சுமார் 2,400 கோடி டாலர் குறுகிய காலக் கடனை ஒன்று முதல் மூன்று வருடக் கடனாக மாற்றினார்கள். சந்தை வட்டிக்கு மேல் 2.25 முதல் 2.75 சதவீதம் கூடுதல், கொரிய அரசின் உத்தரவாதத்தோடு. மக்கள் வரிசையில் நின்று தங்க நகைகளைக் கொடுத்த படங்கள் உலகெங்கும் போயின. திரண்டது 220 டன்னுக்கு மேல், சுமார் 200 கோடி டாலர். நாட்டின் மன உறுதிக்கு அது பெரிய விஷயம். டாலர் கணக்கைத் திருப்பியது வங்கிகளோடு போட்ட அந்த ஒப்பந்தம்தான்.

இந்தோனேசியா மட்டும் ஏன் அவ்வளவு மோசமாகப் போனது?

எண்களில் பார்த்தால் தாய்லாந்தைவிடக் குறைவான நடப்புக் கணக்குப் பற்றாக்குறைதான் அங்கே. கெடுத்தது வங்கி மூடிய விதம். 1997 நவம்பர் 1 அன்று ஐஎம்எஃப் திட்டத்தின்படி 16 வங்கிகளை மூடினார்கள். ஒரு வைப்பாளருக்கு 2 கோடி ருபியா வரைதான் உத்தரவாதம். மற்ற வங்கிகளில் போட்ட பணத்துக்கு என்ன கதி என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அதிபர் சுகார்த்தோவின் மகனுக்குப் பங்கிருந்த வங்கியும் பட்டியலில் இருந்தது. சில வாரங்களில் அவர் வேறொரு வங்கி வழியாகத் தொழிலைத் தொடர்ந்தார். எந்த வங்கி மூடும், எது மூடாது என்பது அரண்மனை முடிவு என்று ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. தனியார் வங்கிகளில் இருந்த பணத்தை உருவினார்கள். வங்கிகளைத் தாங்க மத்திய வங்கி பணத்தை அச்சிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் டாலர் வாங்கப் போனது. ருபியா 2,400-இலிருந்து 1998 ஜனவரியில் 15,000-ஐத் தாண்டியது. முழு உத்தரவாதம் ஜனவரி கடைசியில்தான் வந்தது.

மே 4 அன்று பெட்ரோல் விலையை ஒரே நாளில் 71 சதவீதம் ஏற்றினார்கள். மே 12 அன்று ஜகார்த்தாவில் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்த கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீன வம்சாவளியினரின் கடைகளும் வீடுகளும் குறிவைக்கப்பட்டன. மே 21 அன்று 32 வருட ஆட்சியை விட்டு சுகார்த்தோ இறங்கினார். அந்த ஆண்டு பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது.

மலேசியா மூலதனக் கட்டுப்பாடு போட்டது வெற்றியா?

1998 செப்டம்பர் 1 அன்று கட்டுப்பாடு. மறுநாள் ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தினார்கள். அதே செப்டம்பர் 2-இல் துணைப் பிரதமரும் நிதியமைச்சருமான அன்வார் இப்ராகிம் பதவி நீக்கம். ரிங்கிட்டை வெளிநாட்டில் வாங்கி விற்பது செல்லாது; பங்குச் சந்தையில் போட்ட வெளிநாட்டுப் பணம் 12 மாதம் வெளியேற முடியாது; பயணிகள் 1,000 ரிங்கிட்டுக்கு மேல் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது. சிங்கப்பூரில் ரிங்கிட் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் நடந்துகொண்டிருந்த மலேசியப் பங்கு வணிகமும் முடங்கியது.

வட்டியைக் குறைக்க இடம் கிடைத்தது. 1999-இல் பொருளாதாரம் மீண்டது. ஆனால் கட்டுப்பாடு போடாத கொரியாவும் அதே ஆண்டில் இன்னும் வேகமாக மீண்டது. பணம் பெரும்பாலும் போன பிறகு கதவைச் சாத்தினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ரிங்கிட்டின் அடிமட்டமான 4.88 வந்தது 1998 ஜனவரியில், கட்டுப்பாட்டுக்கு எட்டு மாதம் முன்பு. நம் மதிப்பீட்டில் அது மருந்தாக இருந்ததோ இல்லையோ, எதிர்ப்பாளர்கள் சொன்ன கேடு எதுவும் வரவில்லை. வாராக்கடனைத் தனியாகப் பிரித்து வாங்க தனஹர்த்தா, வங்கிகளுக்கு மூலதனம் போட தனமோடல் என்று இரண்டு அமைப்புகளை உடனுக்குடன் நிறுவியதற்குப் புகழ் குறைவாகவே கிடைத்திருக்கிறது.

ஜார்ஜ் சோரோஸ்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

அமெரிக்க முதலீட்டாளரான அவருடைய ஹெட்ஜ் ஃபண்ட் 1997 தொடக்கத்தில் பாட்டுக்கு எதிராகப் பந்தயம் கட்டியது உண்மை. அப்படிக் கட்டிய பலரில் அதுவும் ஒன்று. செப்டம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஐஎம்எஃப் கூட்டத்தில் மலேசியப் பிரதமர் மகாதீரும் சோரோஸும் மாறி மாறித் தாக்கிக்கொண்டதால் அவர் பெயர் நிலைத்துவிட்டது. நாணயத்தை விற்றவர்களில் பெரும்பங்கு உள்ளூர் நிறுவனங்கள். டாலர் கடன் வைத்திருந்தவர்கள் பயந்துபோய் அவசரமாக டாலர் வாங்கினார்கள். பாதுகாப்பு எடுக்காமல் விட்டதன் பலன் அது.

ஐஎம்எஃப் செய்தது சரியா?

மூன்று இடத்தில் சறுக்கியது. முதலாவது, கடன் வாங்கிச் சிக்கியது அரசாக இல்லாத நாடுகளிடம் பட்ஜெட்டை இறுக்கச் சொன்னது. தனியார் செலவு நின்றுபோன நேரத்தில் அரசும் கையைக் கட்டினால் வீழ்ச்சி கூடத்தான் செய்யும், 1998-இல் தளர்த்திக்கொண்டார்கள். இரண்டாவது, உத்தரவாதம் இல்லாமல் இந்தோனேசிய வங்கிகளை மூடியது. மூன்றாவது, கிராம்பு வணிக ஏகபோகம் வரை ஏராளமான நிபந்தனைகளை ஒரே கடிதத்தில் அடுக்கியது. டாலர் இல்லாமல் தவிக்கும் அவசரத்துக்கும் கிராம்புக்கும் தொடர்பு குறைவு. 1998 ஜனவரி 15 அன்று சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போட, ஐஎம்எஃப் தலைவர் காம்டெஸ்ஸு கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற புகைப்படம் அந்த நிறுவனத்தின் பெயரை ஆசியாவில் பல வருடங்களுக்குக் கெடுத்தது.

வட்டியை உயர்த்தச் சொன்னது பற்றி இன்றும் வாதம் உண்டு. கொரியாவில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் ஒரு நாள் கடனின் வட்டி, ஆண்டுக் கணக்கில் 25 முதல் 30 சதவீதம் வரை போனது. நாணயம் நின்றது, ஆயிரக்கணக்கான சிறு தொழில்கள் தப்பவில்லை.

ஹாங்காங் எப்படிச் சமாளித்தது?

1983 முதல் ஒரு அமெரிக்க டாலருக்கு 7.80 ஹாங்காங் டாலர் என்ற பிணைப்பை விடாமல் காத்தது. 1997 அக்டோபர் 23 அன்று ஒரு நாள் வட்டி 280 சதவீதம் வரை எகிறியது; ஹாங் செங் பங்குக் குறியீடு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நாணயத்தையும் பங்கையும் சேர்த்து விற்றால் ஏதாவது ஒன்றில் லாபம் என்பது தாக்கியவர்களின் உத்தி. 1998 ஆகஸ்டில் அரசே சுமார் 11,800 கோடி ஹாங்காங் டாலருக்குப் பங்குகளை வாங்கி அவர்களை மடக்கியது. அன்று திட்டாத பொருளாதார அறிஞர் குறைவு. பிறகு 1999-இல் அந்தப் பங்குகளை ஒரு ஃபண்டாக்கி மக்களிடம் விற்க ஆரம்பித்தார்கள், அரசுக்கு லாபம்.

உலகின் மற்ற பகுதிகளில் என்ன நடந்தது?

ஹாங்காங் சரிவு நியூயார்க்கைத் தொட்டது: 1997 அக்டோபர் 27 அன்று டவ் ஜோன்ஸ் பங்குக் குறியீடு 554 புள்ளி, அதாவது 7.2 சதவீதம் இறங்கி, வர்த்தகம் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஜப்பானில் நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கியும் யமாயிச்சி செக்யூரிட்டீஸும் விழுந்தன. அவற்றின் நோய் பழையது. ஆசியா நாள் குறித்தது.

அதிகம் பேசப்படாத வழி கச்சா எண்ணெய். 1997 நவம்பரில், அதுவும் ஜகார்த்தாவிலேயே கூடிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக், உற்பத்தியைக் கூட்ட முடிவெடுத்தது. ஆசியத் தேவை சரிந்துகொண்டிருந்த நேரம் அது. 1998 டிசம்பரில் எண்ணெய் ஒரு பீப்பாய் 10 டாலர் அளவுக்கு வந்தது. எண்ணெய் வருமானத்தை நம்பியிருந்த ரஷ்யா அதற்கு முன்பே, 1998 ஆகஸ்ட் 17 அன்று ரூபிள் மதிப்பைக் குறைத்து, உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர மாட்டோம் என்றது. உடனே உலகெங்கும் முதலீட்டாளர்கள் பாதுகாப்பான பத்திரங்களுக்கு ஓட, லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட் கவிழும் நிலைக்கு வந்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் ஏற்பாட்டில் 14 நிறுவனங்கள் 360 கோடி டாலருக்கு மேல் போட்டு அதை எடுத்துக்கொண்டன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அமெரிக்க மத்திய வங்கி மூன்று முறை கால் சதவீதம் வட்டி குறைத்தது. 1999 ஜனவரியில் பிரேசில் ரியாலை மிதக்கவிட்டது.

அமெரிக்க நுகர்வோருக்கு மலிவு இறக்குமதி, மலிவு பெட்ரோல், குறைந்த வட்டி. அவர்களுக்கு இந்த நெருக்கடி கசக்கவில்லை. சீனா 8.28 யுவான் என்ற விலையை இறக்காமல் வைத்திருந்ததால் இரண்டாம் சுற்று மதிப்புக் குறைப்பு வரவில்லை. பெய்ஜிங்கின் செல்வாக்கு இந்த வட்டாரத்தில் கூடியதும் அதனால்தான்.

இந்தியா ஏன் தப்பித்தது?

1991-இல் தங்கத்தை அடகு வைத்த அனுபவத்துக்குப் பிறகு குறுகிய கால வெளிநாட்டுக் கடனுக்கு டெல்லி கடுமையான வரம்பு வைத்திருந்தது. 1997 மார்ச்சில் அந்தக் கடன் சுமார் 670 கோடி டாலர், கையிருப்பு 2,600 கோடிக்கு மேல். விகிதம் 0.3-க்கும் கீழே. நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் பட்ஜெட் அறிவிப்பைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட தாராபோர் குழு, முதலீடும் கடனும் நாட்டுக்குள் வந்துபோகும் வழியான மூலதனக் கணக்கைப் படிப்படியாக முழுதும் திறந்துவிடலாம் என்று மே மாத இறுதியில்தான் அறிக்கை கொடுத்திருந்தது. ஒரு மாதத்தில் பாட் விழுந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

அடியே படவில்லை என்றில்லை. 36-க்குக் கீழே இருந்த டாலர் ஜனவரியில் 39 ரூபாயைத் தாண்டியது. 1998 ஜனவரி 16 அன்று ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியான பேங்க் ரேட்டை 9-இலிருந்து 11 சதவீதமாக்கியது. ஆகஸ்டில் வெளிநாட்டு இந்தியர்களிடம் ரிசர்ஜன்ட் இந்தியா பாண்டு விற்று 420 கோடி டாலர் திரட்டினார்கள்.

இதன் நீண்ட கால விளைவுகள் என்ன?

"இனி ஐஎம்எஃப் வாசலில் நிற்கக் கூடாது" என்பது ஆசிய அரசுகளின் எழுதாத கொள்கையானது. ஏற்றுமதி உபரியை டாலராகச் சேர்த்து அமெரிக்க அரசுப் பத்திரங்களில் போட்டார்கள். அந்தப் பணம் அமெரிக்காவில் நீண்ட கால வட்டியைத் தாழ்த்தி, 2008-க்கு முந்தைய வீட்டுக் கடன் வெறிக்குத் தீனி போட்டது என்று அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கே உட்படப் பலர் சொல்கிறார்கள்.

1997 செப்டம்பரில் ஜப்பான் 10,000 கோடி டாலரில் ஆசிய நாணய நிதியம் ஒன்றை முன்மொழிந்தது. அமெரிக்காவும் ஐஎம்எஃப்பும் எதிர்க்க, அது கருவிலேயே போனது. 2000 மே மாதம் சியாங் மாய் ஏற்பாடு என்ற பெயரில் இருதரப்பு ஸ்வாப் வலை வந்தது. இன்று அதன் அளவு 24,000 கோடி டாலர். இதுவரை நெருக்கடியில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பெரும்பகுதியை எடுக்க ஐஎம்எஃப் திட்டமும் உடன் இருக்க வேண்டும் என்ற விதியே காரணம். ஜி-20 நிதியமைச்சர்கள் கூட்டம் 1999-இல் பிறந்ததும் இந்த நெருக்கடியால்தான்.

இலங்கையின் 2022 நெருக்கடியும் இதே வகையா?

இல்லை. 1997-இல் கடன் வாங்கியவர்கள் தனியார் நிறுவனங்களும் வங்கிகளும். இலங்கையில் அரசு. 2022 ஏப்ரல் 12 அன்று கொழும்பு வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. ஒற்றுமை ஒன்று உண்டு: மார்ச் முடிவில் சுமார் 190 கோடி டாலர் கையிருப்பு என்று கணக்கு சொன்னது, அதில் சுமார் 150 கோடி சீன மத்திய வங்கியோடு போட்ட யுவான் ஸ்வாப், நிபந்தனையால் எடுக்க முடியாதது. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் கொடுக்க இருந்தது மீதிதான்.

இன்று ஒரு நாட்டின் நிலையை நாமே பார்ப்பது எப்படி?

தாய்லாந்து அனுபவத்துக்குப் பிறகு 1999-இல் ஐஎம்எஃப் ஒரு மாதிரிப் படிவம் கொண்டுவந்தது. பல நாடுகள் மாதந்தோறும் அதை நிரப்பி வெளியிடுகின்றன. முதல் பகுதியில் கையிருப்பு. செய்தித்தாளில் வருவது அதுதான். இரண்டாம் பகுதியில் அடுத்த 12 மாதத்தில் கட்டாயம் வெளியேறப் போகும் தொகையும், முன்பேர, ஸ்வாப் பொறுப்புகளும் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். பிறகு அந்த நாட்டின் மொத்தக் குறுகிய காலக் கடனோடு ஒப்பிடுங்கள். கையிருப்பு அதைவிடக் குறையக் கூடாது என்பது கைடோட்டி-கிரீன்ஸ்பன் விதி.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று: வாங்கும்போதே ஓராண்டுக்கு வாங்கிய கடனை மட்டும் குறுகிய காலக் கடன் என்று எடுத்துக்கொள்வது. ஐந்து வருடத்துக்கு வாங்கியது அடுத்த ஆறு மாதத்தில் முதிர்ந்தால் அதையும் சேர்க்க வேண்டும். "மீதமுள்ள முதிர்வு" என்ற தலைப்பில் உள்ள எண்தான் தேவை.

இந்தியாவுக்கு, ரிசர்வ் வங்கி மாத இதழில் டாலர் வாங்கல்-விற்றல் அட்டவணையில் நிகர முன்பேர நிலுவை வருகிறது. 2025 பிப்ரவரி முடிவில் விற்பனைப் பக்கம் 8,000 கோடி டாலருக்கு மேல் நிலுவை இருந்தது. கையிருப்பு 60,000 கோடிக்கு மேல் இருந்ததால் அது ஆபத்தான எண் இல்லை. ஆனால் கையிருப்பு மட்டும் போட்ட செய்தியில் அது தெரியாது.

ஐஎம்எஃப் கடன்களை எப்போது அடைத்தார்கள்? நாணயங்கள் பழைய விலைக்கு வந்தனவா?

கொரியா 2001 ஆகஸ்ட், தாய்லாந்து 2003 ஜூலை, இந்தோனேசியா 2006 அக்டோபர். மூன்றுமே கெடுவுக்கு முன்பே. மலேசியா 3.80 பிணைப்பை 2005 ஜூலை 21 அன்று, சீனா யுவானைத் தளர்த்திய அதே நாளில் விட்டது. பாட் 25-க்குத் திரும்பவே இல்லை. ருபியா 2,400-ஐப் பற்றி இந்தோனேசியாவில் இப்போது யாரும் பேசுவதுகூட இல்லை.